ஊசிக்கு நான், மடிக்கு அவள்

போன வருடம் தைப்பூசம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த நாள்கள். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டில், ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நடந்தது இது. அன்று எங்கள் நாய்க்குட்டி கையை விட்டுப் போயிருக்க வேண்டியது. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் எப்படிப்பட்ட பொறாமைக்காரி என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று அடுப்படியில் நான் ஏன் வாயடைத்து நின்றேன் என்பது உங்களுக்குப் புரியாது.

மகள் ஜொகூருக்குப் படிக்கப் போனதும் வீடு வெறிச்சோடிப் போனது. கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. எனக்கு ஒரு சரக்கு அலுவலகத்தில் எழுத்து வேலை. அங்கே என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு சுங்கை பூலோவில் வீடு. அவர் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஒன்றை எனக்கென்று சொல்லி வைத்தேன். தாயைப் பிரியும் வயது வரட்டும் என்று காத்திருந்து, நானே போய், நானே மடியில் வைத்து வாங்கி வந்த குட்டி அது. கணவர் காரை ஓட்டினார், அவ்வளவுதான். குட்டி என்னுடையது.

அப்போது என் நாத்தனாரும் எங்களோடுதான் இருந்தாள். கணவரின் தங்கை. ஈப்போவில் வாழ்ந்தவள். கல்யாணம் சரிப்பட்டு வராமல் பிரிந்து, எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்திருந்தாள். வீட்டில் இருந்தபடியே கணினியில் கணக்கு வேலை பார்ப்பாள். மெல்லிய குரல், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. இப்படிப்பட்டவர்களோடு ஒரே வீட்டில் இருந்து பாருங்கள், நம் குரல் தானாகவே நாராசமாகக் கேட்கும். அவள் வைக்கும் ரசத்தை என் கணவர் கையில் ஊற்றிக் குடிப்பார். நானும் அதே வீட்டில் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே ரசம் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குட்டிக்கு நான் ராக்கி என்று பெயர் வைத்தேன். ராக்கி, ராக்கி என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் நாத்தனார் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, இது அசல் கிச்சாப் கலர் என்று சிரித்தாள். நாசி கோரேங் என்னும் பொரித்த சோற்றில் ஊற்றும் கறுப்பு சோயா கிச்சாப்பைத்தான் சொன்னாள். உடனே குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலடியில் போய் உட்கார்ந்தது. அன்றோடு ராக்கி போய் கிச்சாப் வந்தது. கணவர் கைதட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு வேலைகள் தானாகவே பிரிந்தன. குளிப்பாட்டுவது நான், பூச்சி மருந்தை வாயைப் பிளந்து போடுவது நான். முதல் ஊசிக்குப் போனபோது அந்த கிளினிக்கில் இருந்த சீனப் பெண் டாக்டர் எனக்கு ஒரு பாடமே நடத்தினார். ஊசிகள் எல்லாம் முடியும் வரை வெளியே தரையில் இறக்கி விடாதே, கிளினிக் தரையிலும் விடாதே. குட்டியைத் தூக்கி வரும் கூடையை வீட்டுக்குள் திறந்தபடி வை, அதற்குள் உன் பழைய டீசட்டை ஒன்றைப் போடு, அது வீடு மாதிரி பழகட்டும். தினமும் காதைத் தொடு, பாதத்தைப் பிடி, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார். நாளைக்கு ஒரு வலி வந்தால் டாக்டரைத் தொட விட வேண்டுமே, அதற்கு இப்போதே பழக்கு என்றார்.

நான் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். வேலை முடிந்து வந்ததும் குட்டியைப் பிடித்து இடது கை இடுக்கில் வைத்துக்கொண்டு காது, பாதம், பல் என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். குட்டிக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நெளியும், முனகும். விட்டதும் நேரே நாத்தனார் மடிக்கு ஓடும். அவள் கையில் ஒரு வறுத்த நெத்திலி தயாராக இருக்கும். அந்த நெத்திலி நான் பாசார் சந்தையில் வாங்கியது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அது எங்கள் வீட்டில் நெத்திலியாக நடந்தது.

கிளினிக்கிற்கு மட்டும் அவள் வர மாட்டாள். வேலை இருக்கிறது, தலைவலி, மீட்டிங் என்று ஏதாவது ஒன்று. ஆக, குட்டியின் கண்ணில் நான் யார்? கூடையில் அடைப்பவள், ஊசி குத்துகிற இடத்திற்குக் கொண்டுபோகிறவள். அவள் யார்? திரும்பி வந்ததும் தடவிக் கொடுப்பவள். ஊசி வில்லி நான், நெத்திலி தேவதை அவள்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் குட்டியின் படத்தைக் காட்டுவேன். எவ்வளவு அழகு என்பார்கள். என் கைப்பேசியில் இருந்த எந்தப் படத்திலும் கிச்சாப் என்னைப் பார்த்து நிற்கவில்லை. எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். எங்கே பார்க்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கணவரிடம் ஒருநாள் இதைச் சொல்லிக் கண்கலங்கினேன். நாய்க்குட்டிக்குப் போய் யாராவது அழுவார்களா என்று சிரித்துவிட்டு, தங்கச்சி பாவம், அவளுக்கும் ஒரு துணை வேண்டாமா என்றார். அதற்குப் பிறகு அவரிடம் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது ஊசி. கணவர் ஷிப்டில் இருந்தார். நாத்தனாருக்கு வழக்கம்போல் தலைவலி. நான் தனியாகப் போனேன். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து குட்டியைக் கவனித்துவிட்டுப் போ, வீட்டிலும் கண் வைத்துக்கொள், சில குட்டிகளுக்குச் சில மணி நேரம் கழித்துக்கூட முகம் வீங்கும், அப்படி எதுவும் தெரிந்தால் காத்திருக்காமல் உடனே கொண்டுவா என்றார். முதல் இரண்டு முறையும் இதையேதான் சொன்னார். உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தேன்.

கிச்சாப் பாய்ந்து போய் நாத்தனார் மடியில் ஏறி, முகத்தை அவள் வயிற்றில் புதைத்துக்கொண்டு ஒரு முனகல் முனகியது. என் மேல் புகார் கொடுக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. அவள் அதன் முதுகை நீவிக்கொண்டே சொன்னாள்.

"ரொம்ப வலிச்சிருக்கு போல, பாவம். மெதுவா போடச் சொல்லக் கூடாதா அண்ணி?"

பின்கட்டுக்குப் போய்த் துணி காயப்போட்டேன். உதறிய உதறலில் கணவரின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. துணிக்கிளிப்பைக் குத்திக்கொண்டே மனதுக்குள் ஒன்று சொன்னேன். இந்தக் குட்டிக்கு ஏதாவது ஒன்று வரட்டும், அப்போது இவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கிறேன். சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

உள்ளே வந்து தலை சாய்த்தேன். கண் அசந்திருப்பேன். அண்ணி, அண்ணி என்று நாத்தனார் கூப்பிட்ட குரலில் எழுந்து ஓடினேன். கிச்சாப்பின் முகம் அதன் முகமாக இல்லை. ஒரு கண் மூடிப் போயிருந்தது. மேலுதடு தடித்து, மூக்கைச் சுற்றி அப்பம்போல் உப்பியிருந்தது. முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து விழுந்தது.

"கண்ணு பட்டுருச்சு அண்ணி. காலையில இத தூக்கிட்டு கேட் கிட்ட நின்னப்ப தெருவே பாத்துச்சு. யாரோ பொறாமக் கண்ணு வச்சிட்டாங்க."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனாலும் எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவள் நான். மகளுக்குச் சின்ன வயதில் கன்னத்தில் மைப்பொட்டு வைக்கக்கூட விட்டதில்லை. டாக்டர் சொன்ன வார்த்தை அப்படியே நினைவில் இருந்தது. உடனே குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவள் நான். ஓடவில்லை. பொறாமைக் கண் என்று அவள் சொன்ன மாத்திரத்தில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். தெருவில் யாரும் வைக்கவில்லை. பின்கட்டில் துணிக்கிளிப்போடு நின்று வைத்தவள் நான்தானே.

நாத்தனார் அதற்குள் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து வந்துவிட்டாள். ஒரு கையில் குட்டியை அணைத்துக்கொண்டு, மறு கையால் சுற்றினாள். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று அவள் முணுமுணுத்தபோது உறவுக்கண்ணு என்ற இடத்தில் நான் கீழே பார்த்தேன். அவள் என்னை நினைத்துச் சொல்லவில்லை, அவளுக்கு அந்தச் சூது கிடையாது. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிறுத்து, கிளினிக்கிற்குப் போகலாம் என்று சொன்னால் என் கண்ணை மறைக்கத்தான் சொல்கிறேன் என்று ஆகிவிடுமோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. சுற்றியதைப் பழைய இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

எங்கள் வீடுகளில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. திருஷ்டி இருந்தால் மிளகாய் எவ்வளவு எரிந்தாலும் நெடி வராது. நெடி வந்தால் திருஷ்டி இல்லை. நான் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நம்பிக்கை இல்லாதவள், தீர்ப்புக்குக் காத்திருக்கும் கைதி மாதிரி நின்றேன்.

மிளகாய் கறுத்தது. அடுத்த நொடி நெடி கிளம்பியது பாருங்கள், நான் தும்மினேன், அவள் இருமினாள், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. கிச்சாப் ஒரு மாதிரி கர்கர் என்று இழுத்தது. அந்தச் சத்தம் என்னை உலுக்கியது. வீங்கிய மூக்கோடு மூச்சுக்குத் திணறும் குட்டியை மிளகாய்ப் புகைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறோம். அடுப்பை அணைத்தேன்.

"நெடி வருது பாரு. கண்ணும் இல்ல, ஒன்னும் இல்ல. கெளம்பு."

அதற்குள் குட்டி அவள் கையிலிருந்து துள்ளி, அவள் அறைக் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிவிட்டது. நான் கூடையோடு குனிந்தேன். கூடையைக் கண்டதும் இன்னும் உள்ளே சுவரோடு ஒட்டியது. கெஞ்சினேன், வரவில்லை. நாத்தனார் தரையில் படுத்து கிச்சாப் என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். மூடிய கண்ணோடு ஊர்ந்து அவள் கைக்கு வந்தது. நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த நிலைமையிலும் எனக்கு எரிந்தது.

குட்டியை என்னிடம் நீட்டி, நீங்கள் கொண்டுபோங்கள் அண்ணி, எனக்கு ஊசியைப் பார்த்தால் மயக்கம் வந்துவிடும் என்றாள். அப்போதுதான் அந்தத் தலைவலிகளின் கதை எனக்கு விளங்கியது. கோபித்துக்கொள்ள நேரமில்லை. நான் கார் ஓட்ட வேண்டும், குட்டி உன்னிடம்தான் அடங்குகிறது, ஏறு என்றேன். ஆற்றுப் பாலத்தில் சனிக்கிழமை நெரிசல். முன்னால் நின்ற லோரி நகர்வதாக இல்லை. பின்சீட்டில் அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டே, மூச்சு விடுது அண்ணி, மூச்சு விடுது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிளினிக்கில் டாக்டர் பார்த்ததுமே புரிந்துகொண்டு எங்களை நேராக உள்ளே அழைத்தார். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, அபூர்வமாகச் சில குட்டிகளுக்கு இப்படி ஆகும், வீக்கம் தொண்டைக்கு இறங்குவதற்குள் மருந்து போட வேண்டும் என்றார். குட்டியின் இருமலைக் கேட்டு அதன் முகத்தை நெருங்கியவர் மூக்கைச் சுளித்து, வீட்டில் மிளகாய்ச் சம்பல் கிண்டினீர்களா என்று மலாயில் கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆமாம் என்றேன்.

மேசையில் வைத்துக் குட்டியை அசையாமல் பிடிக்கச் சொன்னார். நாத்தனார்தான் பிடித்திருந்தாள். டாக்டர் மருந்தை ஊசிக்குழலில் ஏற்றும்போதே அவள் முகம் வெளுத்தது. அவள் பயம் அப்படியே குட்டிக்கு ஏறியது போலிருக்கிறது, அது அலறி, உதறி, அவள் கையைப் பிறாண்டி, மேசையிலிருந்து விழப் பார்த்தது. நான் ஓரெட்டில் போய் அள்ளினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. கிச்சாப் என் இடது கை இடுக்கில் மூக்கை நுழைத்து, தலையை உள்ளே தள்ளி, அப்படியே அடங்கிவிட்டது. நடுக்கம் இருந்தது, ஆனால் உதறல் இல்லை. தினமும் அங்கே வைத்துத்தான் அதைத் தொல்லை செய்திருக்கிறேன். பாதத்தைப் பிடித்தேன், கொடுத்தது. ஊசி இறங்கியது. ஈறு வெளுத்திருக்கிறதா பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வீங்கிய உதட்டை நான் தூக்கினேன். காட்டியது. வலிக்கும் இடங்களுக்கெல்லாம் என் கைதான் அதற்குப் பழக்கம்.

நிமிர்ந்தபோது நாத்தனாரைப் பார்த்தேன். சுவரோரம் நின்று உண்ணி ஒழிப்பு விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். உதடு இறுகியிருந்தது. படிப்பதுபோல் பாவனை, கண் மட்டும் என் கை இடுக்கில். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் குளியலறைக் கண்ணாடியில் நான் அதைப் பல நாள் பார்த்திருக்கிறேன்.

சந்தோஷப்பட்டேன். மறைப்பானேன், உச்சி குளிர்ந்து சந்தோஷப்பட்டேன். இத்தனை மாதம் நான் விழுங்கியதை நீயும் ஒருநாள் விழுங்கு என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம், பெஞ்சில் போய் உட்கார்ந்து அவள் கையில் இருந்த பிறாண்டல்களைப் பார்க்கும் வரைதான் இருந்தது. ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கக்கூட இல்லை. கல்யாணம் முறிந்து, தன் வீடு போய், அண்ணன் வீட்டு முன்னறையில் கிடப்பவளுக்கு இருந்தது இந்த ஒரு மடிக் குட்டிதான். அதுவும் இப்போது என் கை இடுக்கில். நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலத்திற்குள் வீக்கம் வடியத் தொடங்கியது. மூடிய கண் திறந்தது. டாக்டர் அட்டையில் பெரிதாகக் குறித்துக் கொடுத்து, அடுத்த முறை வரும்போது முதலிலேயே இதைச் சொல், முன்மருந்து கொடுத்து, அதிக நேரம் இங்கேயே வைத்துப் பார்த்து அனுப்புகிறேன் என்றார். குட்டியைப் பின்சீட்டில் படுக்க வைத்து, காரில் முன்னால் ஏறிய பிறகு நாத்தனார் கேட்டாள்.

"அடுத்த ஊசிக்கு நானும் வரட்டா அண்ணி? எப்படிப் பிடிக்கிறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க."

மடி உன்னுடையது, நெத்திலி உன்னுடையது, கூப்பிடும் பெயரும் உன்னுடையது. எனக்கென்று இன்றைக்குத்தான் ஓர் இடம் கிடைத்தது, அதையும் கேட்கிறாயா? நாக்கு நுனி வரை வந்தது. பாலம் தாண்டும் வரை முன்னால் போன வண்டியையே பார்த்து ஓட்டினேன். பின்சீட்டில் கிச்சாப் தூக்கத்தில் ஒருமுறை இருமியது. இருவரும் ஒரே சமயத்தில் திரும்பினோம்.

"சரி. நாளைக்குச் சாயங்காலம் வா" என்றேன். அவ்வளவு இனிமையாகச் சொல்லவில்லை.

சொல்லிக் கொடுத்தேன். முதலில் காது, பிறகு பாதம், கடைசியாக உதடு. முனகினால் விட்டுவிடாதே, அவசரப்படவும் செய்யாதே என்றேன். ஊசியைக் கண்டால் மயக்கம் என்றவள், கடைசி ஊசிக்கு என்னோடு வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு குட்டியின் பின்னங்காலைப் பிடித்தாள். எனக்கும் அவள் நெத்திலி கொடுக்கக் கற்றுக்கொடுத்தாள். காது பார்த்து முடிந்த உடனே ஒன்று கொடுத்தால் அது மறுநாள் ஓடாது என்றாள். அது எனக்கு ஏன் அத்தனை நாளும் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

இந்த வருடம் நானும் கணவரும் மகளைப் பார்க்க ஜொகூர் போயிருந்தோம். மதியம் நாத்தனாரிடமிருந்து அழைப்பு. கிச்சாப் உடைந்த கண்ணாடியை மிதித்துவிட்டதாம். பாதம் கிழிந்து ரத்தம் கொட்டியிருக்கிறது. அவளே கூடையில் வைத்து, வாடகைக் காரைக் கூப்பிட்டு, தனியாகக் கொண்டுபோய், தையல் முடியும் வரை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மயக்கமும் வரவில்லையாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷத்தோடு ஒன்று சொன்னாள்.

"என் கை இடுக்குல தலைய வச்சுக்கிச்சு அண்ணி. நீங்க பிடிக்கிற மாதிரியே."

நல்லதும்மா என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை வைத்தேன். மகளின் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் அழுதேன் என மகளிடம் சொன்னேன். பாதி உண்மை. நான் நேசிக்கிற ஓர் உயிருக்கு என்னை விட்டால் இன்னொரு கை இடுக்கும் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று என் புத்திக்கு நன்றாகத் தெரிகிறது. மனசுக்கு அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.